இரண்டு விரல் இடைவெளி

அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளுடைய பிக்கப் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. அதன் தகுதிச் சான்று அந்த மாதத்தோடு முடிகிறது. வியாழக்கிழமை பரிசோதனை. தேறினால் வண்டியை அத்தை ஓட்டுவாள். தேறாவிட்டால் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்வார். அவர் அதற்குள் இரண்டு தடவை துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். இரண்டு தடவையும் போகும்போது டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வயது ஐம்பத்து நான்கு. பதினெட்டு வருடம் அந்த வண்டியில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி, கட்டி, இறக்கியவள். ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தாள். அம்மா ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டாள் என்பதால் உரிமம் மடிப்புக் கலையாமல் இருந்தது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. வேறு வண்டி வாங்க வழியும் இல்லை.

“உன்னை ஓட்டவா சொன்னேன்? கீழ போய் ஒரு தடவை பாரு. அந்தப் பழைய இடம் எப்படி இருக்குன்னு சொல்லு. அவ்வளவுதான்” என்றாள்.

“நான் லீவுல இருக்கேன் அத்தை. வேலையெல்லாம் பார்க்க முடியாது.”

“லீவுல என்ன பண்ற?”

“படுத்திருக்கேன்.”

“அதையேதான் சொல்றேன். கட்டில்ல படுத்திருக்கறத வண்டிக்குக் கீழ படு.”

என் வேலையே அதுதான். ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். லாரிக்கும் பிக்கப்புக்கும் செய்யப்பட்ட சேசிஸ்களை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டங்களை, இயந்திரத்தில் பூட்டி, உடையும்வரை முறுக்குவோம். எத்தனையாவது முறுக்கில், எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதிக் கொடுப்போம். இதுவரை நாற்பதுக்கு மேல் உடைத்திருக்கிறேன். ஆனால் முதலில் உடைத்தது அம்மாவின் சேசிஸை. அதற்கு இயந்திரம் தேவைப்படவில்லை. அதனால்தான் அதன் கீழே போக எனக்குக் கால் வரவில்லை.

அம்மா முதலில் ஒரு மரச்சாமான் கடையில் விற்பனை மேசையில் இருந்தாள். கடையின் டெலிவரி டிரைவர் வாரத்துக்கு ஒரு பீரோவின் மூலையை நசுக்குவார். வாங்கியவர்கள் போன் செய்து திட்டுவார்கள். திட்டு வாங்குவது அம்மா. டிரைவர் பக்கத்திலேயே நின்று டீ குடிப்பார். ஒரே மாதத்தில் ஐந்தாவது பீரோவுக்கு மன்னிப்புக் கேட்ட அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

“மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. ஓட்டினா கைதான் வலிக்கும்” என்று அப்பாவிடம் சொன்னாளாம்.

அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். அரை மில்லிமீட்டருக்கு மேல் எது அசைந்தாலும் அவருக்குத் தலை சுற்றும். “சரி, ஆனா என்னை ஏறச் சொல்லாதே” என்று மட்டும் சொன்னார். இருபது வருடத்தில் மூன்று முறை ஏறியிருக்கிறார். மூன்று முறையும் பாதியில் இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

அம்மா வாங்கியது மூன்றாம் கை வண்டி. அதற்கு முன் அது கோழி ஏற்றிக்கொண்டிருந்தது. விற்றவர் நன்றாகப் பெயின்ட் அடித்து, இருக்கைக்குப் புது உறை போட்டு, கண்ணாடியில் வாசனைப் பொருள் தொங்கவிட்டு வைத்திருந்தார். அம்மா கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டீ ஸ்பூனை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே நுழைந்துவிட்டாள். கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் நல்ல உடையோடு.

உள்ளேயிருந்து டிங், டிங் என்று சத்தம் வந்தது. அம்மா முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனாள். நல்ல இரும்பு மணி போல் ஒலிக்கும். துரு தின்ற இடம் பலகையைத் தட்டினாற்போல் மொத்தென்று கேட்கும். கடையில் டிரைவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

விற்றவர் குனிந்து, “மேடம், பெயின்ட் மேல இருக்கு” என்றார்.

“அது உங்களுக்கு. எனக்கு இது” என்று கீழேயிருந்து பதில் வந்தது.

முதல் இரண்டு வருடம், வண்டி வேகம் பிடித்தால் காற்றுத் துவாரத்திலிருந்து கோழி இறகு பறந்து வரும். வாடிக்கையாளர் யாராவது முன்னால் உட்கார்ந்து வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஸ்பூன் டேஷ்போர்டு அறையிலேயே தங்கிவிட்டது. அதைக் கொண்டு அத்தை டீயில் சர்க்கரை கலக்குவாள். அதைக் கொண்டே அம்மா சேசிஸைத் தட்டுவாள். நடுவில் கழுவினார்களா என்று நான் கேட்டதில்லை.

பிக்கப்பின் அடியில் இருப்பது ஒரு படுத்த ஏணி. இரண்டு பக்கமும் நீளமான சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டத்தை வெட்டிப் பார்த்தால் ‘ப’ என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த மாதிரி இருக்கும். மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, நடுவே நிற்கும் தகடு, ஒரு பக்கம் திறப்பு. அந்தத் திறப்புதான் விஷயம். திறந்திருப்பதால் சட்டம் வளைவதைவிடச் சுலபமாக முறுகும். ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறி மற்ற மூன்றும் சாலையில் இருந்தால், ஏணி முறுகிக் கொடுக்கும். அதனால் நாலு சக்கரமும் தரையைப் பிடித்திருக்கும். அந்த முறுக்குக்கு இடம் விடத்தான் கேபினையும் பின்னால் சாமான் ஏற்றும் பாடியையும் ஒரே துண்டாகச் செய்யாமல், தனித்தனியாக ஏணி மேல் உட்கார வைத்து, நடுவில் ஒரு இடுக்கு விடுகிறார்கள்.

இதை நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தேன். அம்மா முதல் வாரத்திலேயே விரலால் கண்டுபிடித்தாள்.

சாமான் ஏற்றி முடித்ததும் கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடுக்கின் மேல் பக்கத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நுழைப்பாள். இரண்டு விரல் சரியாகப் போனால் கிளம்பலாம். ஒன்றுதான் போகிறது என்றால் நடுவில் பாரம் அதிகம், ஏணி தொய்கிறது. மூன்று போகிறது என்றால் பின் சக்கரத்துக்கும் பின்னால் பாரம் அதிகம், வால் தொங்குகிறது. அதற்கேற்பப் பீரோவை முன்னே, கட்டிலைப் பின்னே என்று மாற்றச் சொல்வாள். யார் வீட்டுச் சாமான், எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் கணக்கில்லை. ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஆறு தடவை ஃபிரிட்ஜை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

விரல் அம்மாவுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். அத்தையின் விரல் தடிமன்.

“நான் வெச்சா என்ன அண்ணி, விரல்தான?”

“உன் விரல் ரெண்டு, என் விரல் மூணு. உன் அளவுல போனா வால் தொங்க நாம ஊர்வலம்தான் போகணும்.”

“கயிறு கட்ட மட்டும் இந்த விரல் ஆகுமா?”

“கயிறுக்குத் தடிமன் நல்லது.”

அம்மா அவளை ‘கயிறு’ என்றே கூப்பிடுவாள். பேருக்குத் தகுந்தபடி அத்தை போட்ட முடிச்சை அவிழ்க்க அத்தையே வேண்டும். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவள். பதினெட்டு வருடத்தில் அந்தப் பெட்டியை ஒரு முறைதான் கட்டினாள். ஒரு மெத்தை பறந்துபோன விஷயத்தில் சண்டை வந்து இருவரும் பதினோரு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. தினமும் ஒரே கேபினில் அரை முழ தூரத்தில் உட்கார்ந்து போனார்கள். சொல்ல வேண்டியதை வாடிக்கையாளர் மூலமாகச் சொன்னார்கள்.

“சார், ஓட்டறவங்ககிட்ட சொல்லுங்க, பின்னாடி இன்னும் ஒரு அடி வரலாம்.”

“சார், அவங்களை மொதல்ல அங்கிருந்து நகரச் சொல்லுங்க.”

நடுவில் வாஷிங் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த சார் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் “நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?” என்று கேட்டார். “ஐயையோ” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். அதோடு சண்டை முடிந்தது. பெட்டி மறுபடி பிரிந்தது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்லூரியில் கடைசி வருடம். திறந்த சட்டத்தின் வாயைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கினால் முறுக்குக்கு எதிரான அதன் உறுதி பல மடங்கு கூடும் என்று படித்திருந்தேன். சூத்திரம் அழகாக இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது அம்மா ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி வண்டியை நிறுத்தியிருந்தாள். இடுக்கு ஒரு பக்கம் இரண்டு விரல், மறு பக்கம் மூன்றரை. நான் பதறிப் போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் அம்மாவையும் வண்டியையும் தெருக்கோடியில் இருக்கும் வெல்டிங் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரரை எல்லோரும் ‘பொறி’ என்பார்கள். எனக்குப் பொறி மாமா. கேபினுக்குப் பின்னாலிருந்து பின் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட் வரை, இரண்டு பக்கமும் தகடு வைத்து மூடச் சொன்னேன். அம்மா என் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இப்ப இங்க முறுகாது. சரி. பள்ளம் அதே பள்ளம்தான? அப்ப அந்த முறுக்கு எங்க போகும்?”

“எங்கேயும் போகாதும்மா. அதான் மூடறோமே.”

“ஓ” என்றாள். மகள் படித்திருக்கிறாள். மாமா வெல்டிங் கண்ணாடியை இறக்கினார்.

நாலு மாதம் ஓடியது. அம்மாவும் அத்தையும் ஒரு பல் மருத்துவமனையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நோயாளி சாய்ந்துகொள்ளும் அந்த நாற்காலி பாடியின் நடுவில் நின்றது. அடிப்பீடம் முழுக்க வார்ப்பு இரும்பு. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கீழே ‘டக்’ என்றது. அம்மா வேகத்தைக் குறைத்தாள்.

“கயிறு, கையை வெளிய விட்டு இடுக்கைப் பாரு.”

“என் விரலா? என் விரல்தான் ஆகாதே.”

“பாருடி.”

அத்தை ஜன்னல் வழியே கையைப் பின்னால் வளைத்தாள். “ஒண்ணுதான் போகுது.”

இன்னும் ஐம்பது அடி.

“இப்ப?”

“நகம்தான் போகுது அண்ணி.”

பின்னால் காரில் வந்த பல் டாக்டர், தன் நாற்காலி மெல்ல மெல்லத் தாழ்வதைப் பார்த்து ஹார்ன் அடித்தாராம். அம்மா நடை வேகத்தில் ஓட்டினாள். அத்தை இறங்கிப் பக்கத்திலேயே நடந்தாள். பாரத்தில் ஒரு ஆள் குறையட்டும் என்றுதான். புது மருத்துவமனை வாசலில் நாற்காலியை இறக்கிவிட்டு, அம்மா கீழே நுழைந்து பார்த்தாள். நான் மூடச் சொன்ன தகடு எங்கே முடிந்ததோ சரியாக அந்த இடத்தில், கீழ் மடிப்பிலிருந்து நடுத்தகடு பாதி வரை சட்டம் கிழிந்திருந்தது.

அன்று எனக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள் எதிரில். போன் அடித்தது. அம்மா வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். பயந்துபோய் எடுத்தேன்.

“நீ ஒண்ணும் கவலைப்படாதே. அந்த முறுக்கு எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

பொறி மாமா தகடுகளை அறுத்து எடுத்தார். கிழிசலின் நுனியில் ஒரு சிறு துளை போட்டார், அது மேலே ஓடாமல் இருக்க. பிறகு கிழிசலைத் தேய்த்துப் பள்ளமாக்கி வெல்டிங் வைத்தார். முழு வேலையும் முடியும்வரை அம்மா என்னை ஒரு ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார வைத்தாள். திட்டவில்லை. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு வருடம் என்னை எல்லோருக்கும் இப்படி அறிமுகப்படுத்தினாள்: “என் பொண்ணு. வண்டியை உடைச்சவ. இப்ப அதுக்கே சம்பளம் வாங்குறா.”

அதில் பொய் இல்லை. இந்த வேலைக்கான நேர்காணலில், நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்றார்கள். பல் டாக்டரின் நாற்காலியைச் சொன்னேன். அங்கேயே வேலை கொடுத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, அம்மா வேலைக்குக் கிளம்ப ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள். நிமிரவில்லை. அத்தை வாசலில் நின்று, “இன்னும் எத்தனை நேரம் அண்ணி ஒரு முடிச்சுக்கு, நான் வந்து போடட்டுமா” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை மதியம் நான் வண்டிக்குக் கீழே படுத்தேன்.

டார்ச்சை அத்தை பிடித்தாள். வெளிச்சம் எல்லா இடத்திலும் விழுந்தது, நான் பார்க்கிற இடத்தைத் தவிர. பழைய வெல்டிங் கெட்டியாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இருந்தது. கோட்டின் நுனியில் மஞ்சள் பெயின்டில் சின்னச் சின்னக் குறிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வருடம். ஆறு வருடம், ஆறு குறி. ஐந்து குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் இருந்தன. ஆறாவது ஒரு நக அகலம் தள்ளியிருந்தது. அதில் மாதமும் போட்டிருந்தாள். போன மாதத்துக்கு முந்தைய மாதம்.

“என்ன அத்தை இது?”

“அதுவா? அதுக்கு உன் பேருதான். வருஷா வருஷம் என்னைக் கீழ அனுப்பி, ‘மக எப்படி இருக்கா, வளர்ந்திருக்காளான்னு பாரு’ம்பாங்க. நான் பார்த்துட்டு, இல்ல அண்ணி, அப்படியேதான் இருக்கான்னு சொல்வேன்.”

“கடைசியா?”

“கடைசித் தடவை அவங்களே போனாங்க. வெளிய வந்து ஒண்ணும் சொல்லலை.”

என் பரிசோதனைக் கூடத்திலிருந்து நண்பர் ஒருவர் வெடிப்பைக் காட்டும் சிவப்புச் சாயம் கொண்டுவந்து கொடுத்தார். தடவி, காத்திருந்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தேன். கோடு வெள்ளையில் சிவப்பாக எழுந்தது. பெயின்ட் கீறல் அல்ல. வெடிப்பு. இப்படியே போனால் எந்த ஆய்வாளரும் தேற்ற மாட்டார். நானே தேற்ற மாட்டேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். “இரும்புக்காரருக்குப் போன் பண்ணவா?”

“இருங்க. உள்பக்கம் ஒரு தகடு வெச்சு போல்ட் போடலாம். அளவெடுத்து வெட்டணும். வியாழனுக்குள்ள முடியுமான்னு பார்க்கணும்.”

“எப்படித் தகடு?”

நான் கையால் காட்டினேன். இவ்வளவு நீளம், இவ்வளவு உயரம், இரண்டு முனையும் நேராக வெட்டாமல் சாய்வாக. நேராக முடிந்தால் பாரம் எல்லாம் ஒரே கோட்டில் வந்து விழும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்தது அதுதான்.

அத்தை கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தாள். பிறகு கேபினுக்குள் போய், இருக்கைக்குப் பின்னாலிருந்து செய்தித்தாள் சுற்றிய கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இந்த மாதிரியா?”

பிரித்தேன். எஃகுத் தகடு. சரியான கனம். முனைகள் சாய்வாக வெட்டி, ஓரம் தேய்த்திருந்தது. மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் படாமல், நடுத்தகட்டில் மட்டும் போல்ட் விழும்படி ஆறு இடத்தில் குறி. எல்லாம் சரியாக இருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாளின் மேல் வட்ட வட்டமாகக் கறை.

“இது என்ன கறை?”

“டீ. நான் மடியில வெச்சு டீ குடிப்பேன். ஆடாம நிக்கும். அண்ணி என்னவோ பலகை வாங்கியிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“ரெண்டு மாசமா இதுல டீ குடிச்சீங்களா?”

“பிஸ்கட்டும் வெச்சுக்குவேன். இடம் தாராளம்.”

தகட்டின் பின் முனையில் மஞ்சள் பெயின்டில் ஒரு அம்புக்குறி. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து: ‘இங்கே முடியலாமா? அவளைக் கேட்கணும்.’

முடியக்கூடாது. அம்மா போட்ட குறிப்படி வைத்தால் தகட்டின் முனை ஸ்பிரிங் பிராக்கெட்டின் முதல் போல்டுக்கு நேராக வரும். இரண்டு தொல்லை ஒரே இடத்தில் சேரும். ஐந்து சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் போதும், வெடிப்பும் உள்ளேயே அடங்கும். பதில் இவ்வளவுதான். போனில் கேட்டிருந்தால் இருபது விநாடி.

“போன்ல கேட்டிருக்கலாமே அத்தை.”

“உன்கிட்ட என்னவோ கேக்கணும்னாங்க, போன்ல கேளுங்கன்னு நானும் சொன்னேன். ‘போன்ல கேட்டா போன்லயே சொல்லிடுவா. அப்புறம் எதுக்கு வருவா’ன்னாங்க.”

அந்த இரண்டு மாதத்தில் நான் வருவதாகச் சொல்லி மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தேன். கூடத்தில் ஒரு சேசிஸ் உடைய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

செவ்வாய்க்கிழமை பொறி மாமாவிடம் போனோம். அவர் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எழுதிக் குடு பாப்பா.”

எனக்கு முப்பத்து நான்கு வயது. “என்ன மாமா எழுதணும்?”

“இது நீ சொல்லிச் செஞ்சதுன்னு. போன தடவை நீ சொன்ன, நான் செஞ்சேன். பன்னெண்டு வருஷம் உங்கம்மா என் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஹார்ன் அடிச்சுட்டே போனாங்க. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. உன்னை யாராவது பார்த்தாங்களா?”

எழுதிக் கொடுத்தேன். தேதி போடச் சொன்னார், போட்டேன். அத்தை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் டிரில்லை எடுத்தார். வெடிப்பின் நுனியில் துளை, தேய்ப்பு, வெல்டிங், பிறகு தகடு, ஆறு போல்ட். ஐந்து சென்டிமீட்டர் முன்னால். நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் அவர் ஸ்டூலை என்னிடமிருந்து வாங்கித் தானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

“இனிமே ஹார்ன் யாரு அடிப்பா?” என்றார்.

“நான் அடிக்கிறேன். கவலைப்படாதீங்க” என்றாள் அத்தை.

வியாழக்கிழமை பரிசோதனை நிலையத்தில் இருந்த ஆய்வாளர் என்னைவிடச் சின்னவர். கையில் சின்னச் சுத்தியல். வண்டியை ஆய்வுப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கிச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். பின்னாலேயே அத்தையும் இறங்கினாள், டீ ஸ்பூனோடு. அவர் ஒரு தட்டு. இவள் ஒரு தட்டு.

“நீங்க என்னம்மா பண்றீங்க?”

“சரிபார்க்கிறேன்.”

“அதான் நான் பார்க்கிறேனே.”

“உங்களைத்தான் சரிபார்க்கிறேன்.”

அவர் புதுத் தகட்டின் முன் நின்றுவிட்டார். டார்ச் அடித்தார். போல்ட்டை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இது யார் செஞ்சது?”

அத்தை மேலே நின்ற என்னைக் காட்டினாள். “இவதான். முன்ன உடைச்சதும் இவதான்.”

“முனை ஏன் சாய்வா இருக்கு?”

நான் விளக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பாவின் பழக்கத்தில் அத்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்பது நிமிடம் என்றாள். மூன்றாவது நிமிடமே அவர் படிவத்தில் ஏதோ எழுதிவிட்டாராம், நான்தான் நிறுத்தவில்லை.

“சேசிஸ் சரி” என்றார் கடைசியில். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா வண்டி தேறலை.”

“ஏன்?”

“பின்னாடி ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்ல.”

அத்தை ஸ்பூனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். எதிர்க் கடையில் வாங்கி, ஆறாவது நிமிடத்தில் திரும்பி வந்து, அவர் எதிரிலேயே ஒட்டினாள். பத்தாதற்குக் கயிறு போட்டும் கட்டினாள். ஆய்வாளர் அந்த முடிச்சைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பாரம். இரண்டு தெரு தள்ளி வீடு மாறும் ஒரு டீச்சரின் சாமான். பீரோ, கட்டில், பதினேழு பெட்டி புத்தகம். ஏற்றிக் கட்டியாயிற்று. இடுக்கைப் பார்க்க வழியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினாள் அத்தை. அப்பா வெளியே வந்தார். நாங்கள் மூன்று பேரும் இடுக்கின் முன்னால் நின்றோம்.

அத்தை தன் இரண்டு விரலை நுழைக்கப் பார்த்தாள். போகவில்லை. “இது ஆகாது. அண்ணி விரல் எவ்வளவு?”

யாரும் அளந்ததில்லை. இருபது வருடம் அந்த வண்டியின் ஒரே அளவுகோல் அது. நான், சேசிஸ் அளப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள், அதை அளந்து வைக்கவில்லை.

“பத்தொன்பது மில்லிமீட்டர்” என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தோம்.

“ரெண்டு தடவை அவ நடுவிரல் மோதிரத்தை அறுத்துப் பெரிசாக்கிக் குடுத்திருக்கேன். ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சுத் தடிச்சுப்போச்சு. கடைசியா பத்தொன்பது. ரெண்டு விரல்னா முப்பத்தெட்டு.”

“முப்பத்தெட்டுன்னா எனக்கு என்ன தெரியும்?” என்றாள் அத்தை. என் கையை இழுத்து, இரண்டு விரலைச் சேர்த்து இடுக்கில் வைத்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “உன் கை அண்ணி கைதான். ஆனா ஆபீஸ்ல உட்கார்ந்து மெலிஞ்சு கெடக்கு. உன் அளவுல ரெண்டே கால்னு வெச்சுக்கோ.”

அப்பா உள்ளே போய் வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்து என் விரலை அளந்தார். பதினேழு. முப்பத்தெட்டைப் பதினேழால் வகுத்தேன். இரண்டே காலுக்கு ஒரு மயிரிழை குறைவு.

“எவ்வளவு வருது?” என்றாள் அத்தை.

“நீங்க சொன்னதுதான்.”

“பின்ன. பதினெட்டு வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்.”

இப்போது இடுக்கில் என் விரல் இரண்டுதான் போனது. மீதிக் கால் பங்குக்கு இடமில்லை. நடுவில் பாரம் கொஞ்சம் அதிகம். புத்தகப் பெட்டி மூன்றைப் பின்னால் மாற்றினோம். டீச்சர் தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, நேரமாகிறது என்றார். “உங்க நல்லதுக்குத்தான் மேடம்” என்று அத்தை அவரைப் பார்க்காமலே சொன்னாள். மறுபடி விரலை வைத்தேன். சரியாக இருந்தது. அப்பா மஞ்சள் பெயின்டை எடுத்துவந்து கேபினின் முதுகில் ‘38’ என்று எழுதினார். வண்டியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் எழுதி முடித்ததும் அவருக்குத் தலை சுற்றியது. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அத்தை ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். இருக்கையை முன்னே இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், மறுபடி அம்மா வைத்திருந்த மாதிரியே வைத்தாள். பக்கத்து இருக்கையைத் தட்டினாள்.

“ஏறு. இறக்க ஆள் வேணும்.”

எனக்கு இன்னும் இரண்டு நாள் லீவு இருந்தது. ஏறினேன். தெருக்கோடியில் வெல்டிங் கடையைத் தாண்டும்போது அத்தை நீளமாக ஹார்ன் அடித்தாள். பொறி மாமா வெளியே வந்து, சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, எல்லோரும் பார்க்கும்படி என்னை நோக்கிக் கையை நீட்டினார்.